சைக்கிளுக்கும் பாலிசியா?

போன இதழில் திருட்டுப் போன மோட்டார் பைக் பற்றி ஒரு பதில் எழுதியிருந்தேன். அதன் விளைவு, இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி சைக்கிள்காரர்களுடையது. "எங்களை மட்டும் ஏன் சார் விட்டுட்டீங்க?" என்று ஒருவர் கோபித்துக்கொண்டே ஆரம்பித்திருக்கிறார். சரி, இந்த இதழ் உங்களுக்குத்தான்.

*

நான் கொரட்டூரில் இருக்கிறேன். எடையைக் குறைக்கச் சொல்லி டாக்டர் விரட்டியதால் 32,000 ரூபாய்க்கு கியர் சைக்கிள் ஒன்று வாங்கினேன். தினமும் அதில்தான் அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போகிறேன். கம்பெனிக்குள் விட இடமில்லை. வெளிச்சுவர் ஓரமாகத்தான் நிறுத்த வேண்டும். கடைக்காரர் "இன்சூரன்ஸ் போட்டுக்கோங்க சார்" என்கிறார். வீட்டில் "சைக்கிளுக்குப் போய் யாராவது இன்சூரன்ஸ் போடுவாங்களா" என்று சிரிக்கிறாள். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகர், கொரட்டூர்

வழக்கமாக வீட்டம்மா பேச்சைக் கேளுங்கள் என்பேன். இந்த ஒரு விஷயத்தில் கடைக்காரர் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். கொஞ்சம்தான்.

முதலில், இதைச் சட்டம் கேட்கவில்லை. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் மோட்டார் வண்டிகளுக்கு மட்டும். சைக்கிளுக்கு ஆர்.சி. புக் கிடையாது, கட்டாய இன்சூரன்ஸ் கிடையாது. போட்டால் உங்கள் விருப்பம்.

போடுவதற்கு இரண்டு வழி உண்டு. சைக்கிளுக்கென்றே தனி பாலிசி விற்கும் கம்பெனிகள் இருக்கின்றன. இன்னொன்று, பழைய பாணி வீட்டுப் பேக்கேஜ் பாலிசி. நகை, டிவி, பயணப் பெட்டி என்று பிரிவு பிரிவாக இருக்கும். அதில் "பெடல் சைக்கிள்" என்றே ஒரு பிரிவு உண்டு. நான் பொதுத்துறை கம்பெனி ஒன்றின் க்ளெய்ம் பிரிவில் 36 வருஷம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பிரிவைக் கேட்டு வாங்கியவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஏஜென்ட் சொல்ல மாட்டார், அதில் அவருக்குக் கமிஷன் எவ்வளவு வந்துவிடப் போகிறது?

எதை வாங்கினாலும் கையெழுத்துக்கு முன்னால் "திருட்டு" என்ற சொல் வரும் பத்தியை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள். பெரும்பாலான சண்டை அங்கேதான் பிறக்கிறது. ஆளில்லாமல் விட்டுப் போகும்போது பூட்டியிருக்க வேண்டும் என்று இருக்கும். சிலதில், அசையாத பொருளோடு சேர்த்துப் பூட்டியிருக்க வேண்டும் என்று இருக்கும். உங்கள் வெளிச்சுவரில் அப்படி என்ன இருக்கிறது? ஒரு கம்பி, ஒரு கிராதி, ஒரு விளக்குக் கம்பம்? இல்லையென்றால், கம்பெனி மேனேஜரைக் கெஞ்சி ஒரு இரும்பு வளையம் பதிக்கச் சொல்லுங்கள். பின்சக்கரத்தில் மாட்டும் வளையப் பூட்டு சக்கரத்தை உருளவிடாதே தவிர, சைக்கிளைத் தூக்கவிடாமல் செய்யாது. கியர் சைக்கிள் என்றால் ஒரு ஆள் ஒற்றைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவான்.

அடுத்து, உதிரிகள். விளக்கு, மீட்டர், சீட் இவையெல்லாம் சைக்கிளோடு சேர்ந்து போனால் பணம். அதுகள் மட்டும் போனால் பூஜ்யம். பழைய பாலிசி வாசகம் அப்படி. வாடகைக்கு விடுவது, பந்தயத்தில் ஓட்டுவது இரண்டும் விலக்கு. நீங்கள் செய்யமாட்டீர்கள். ஆனால் சாயந்திரத்தில் அதே சைக்கிளில் பையன் சாப்பாடு டெலிவரிக்குப் போகிறான் என்றால் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இனி கணக்கு. ஒரு பேச்சுக்கு, வருஷ பிரீமியம் 1,200 என்று வைப்போம். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து 1,416. நாலு வருஷத்துக்கு 5,664. நாலாவது வருஷம் சைக்கிள் போகிறது. பாலிசி தேய்மானம் கழிப்பது என்றால், அதாவது சைக்கிள் பழசானதற்கு மதிப்பில் குறைப்பது என்றால், பாதி போய் 16,000. அதில் நீங்கள் தாங்க வேண்டிய முதல் 1,000 போய் கைக்கு 15,000. இதே சைக்கிள் ஆறாவது மாதம் போனால் கிட்டத்தட்ட முழுத்தொகை. ஆகவே 32,000 ரூபாய் சைக்கிளுக்கு, தெருவில் நிற்கிற சைக்கிளுக்கு, முதல் இரண்டு மூன்று வருஷம் போடலாம் என்பேன். அதற்கப்புறம் தேய்மான அட்டவணையைப் பார்த்து நிறுத்திக்கொள்ளுங்கள். "தேய்மானம் எப்படிக் கழிப்பீர்கள்?" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். வாயால் சொன்னது க்ளெய்ம் மேஜைக்கு வராது.

கடைசியாக ஒன்று. இதை இந்த ஞாயிற்றுக்கிழமையே செய்யுங்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்துங்கள். இரண்டு பெடலும் சேரும் அச்சுக்கூடு இருக்கிறதல்லவா, அதன் அடிப்பக்கம் சேறும் கிரீஸும் அப்பியிருக்கும். பழைய டூத்பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் நனைத்துத் தேய்த்தால் எழுத்தும் எண்ணுமாக ஒரு வரிசை தெரியும். அதுதான் பிரேம் நம்பர். சிலதில் சீட்டுக்குக் கீழே இறங்கும் குழாயில் அடித்திருப்பார்கள். போனில் படம் எடுத்து, கடை பில்லில் அதே நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கடைக்காரரிடம் போய் பில்லில் எழுதி சீல் போட்டு வாங்குங்கள். இன்சூரன்ஸ் விற்க ஆசைப்படுகிற மனுஷர், இதை மறுக்க மாட்டார்.

அம்பத்தூரில் வேலை பார்ப்பவருக்கு சைக்கிள் பற்றிப் பாடம் எடுப்பது கொல்லன் தெருவில் ஊசி விற்பதுதான். 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி பிறந்த ஊர் அது.

*

குரோம்பேட்டையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். என் மகளின் சைக்கிள் தரைத்தளப் பார்க்கிங்கிலிருந்து ராத்திரி காணாமல் போய்விட்டது. வீட்டுக்கடன் எடுத்தபோது பேங்க்கில் போட்டுக்கொடுத்த வீட்டு இன்சூரன்ஸ் இருக்கிறது. கேட்டதற்கு "இது கவர் ஆகாது" என்று ஒரே வரியில் மெயில் அனுப்பிவிட்டார்கள். இவ்வளவு வருஷம் கட்டினோமே, இது நியாயமா?
– வாசகி, குரோம்பேட்டை

அம்மா, மெயில் எழுதியவரின் மரியாதை சரியில்லை. ஆனால் சொன்ன விஷயம் அநேகமாகச் சரிதான்.

பேங்க் போட்டது "பாரத் கிருஹ ரக்ஷா"வாக இருக்கக்கூடும். 2021 ஏப்ரல் 1 முதல் எல்லா பொதுக்காப்பீட்டுக் கம்பெனியும் ஒரே வாசகத்தில் விற்கிற பாலிசி அது. தீ, வெள்ளம், புயல், நிலநடுக்கம் இதற்கெல்லாம்தான். திருட்டு என்று ஒரு வரி அதிலும் உண்டு, அதைப் பார்த்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். அந்த வரி சொல்வது என்னவென்றால், மேற்படி ஆபத்து ஒன்று நடந்து, அதன் காரணமாக, 7 நாளுக்குள் நடந்த திருட்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளம் வந்ததே, அப்போது வீட்டைப் பூட்டிவிட்டு சொந்தக்காரர் வீட்டுக்குப் போன நேரத்தில் சாமான் போயிருந்தால் கேட்க வழி இருந்தது. சாதாரண ராத்திரியில் போனதற்கு வழி இல்லை.

"எங்களுடையது அதில்லை, கொள்ளைக்கும் கவர் உண்டு" என்றால், இன்னொரு முட்டுக்கட்டை. கன்னமிடல், பூட்டு உடைத்தல் என்ற பிரிவில் பணம் கிடைக்க, உள்ளே வர பலத்தைப் பிரயோகித்திருக்க வேண்டும். உடைந்த தாழ்ப்பாள், வளைந்த கம்பி என்று தடயம் வேண்டும். 2004-இல் உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லிவிட்டது: பாலிசியில் கொள்ளைக்கு என்ன அர்த்தம் எழுதியிருக்கிறதோ அதுதான் அர்த்தம், பலமில்லாமல் நடந்தது நம் பேச்சு வழக்கில் திருட்டாக இருக்கலாம், பாலிசியில் இல்லை. திறந்த பார்க்கிங்கில் எந்தக் கதவை உடைப்பான்?

எனவே கிழித்துப் போட வேண்டியதுதானா? அவசரப்படாதீர்கள். பாலிசியோடு "வாடிக்கையாளர் தகவல் தாள்" என்று ஒன்று வந்திருக்கும். எது உண்டு, எது இல்லை என்று எளிய மொழியில் இருக்கும். அதில் பெடல் சைக்கிள் பிரிவோ, "வெறும் திருட்டும் சேரும்" என்ற கூடுதல் கவரோ தென்பட்டால் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் பிடிக்காவிட்டாலோ, சென்னையிலேயே இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், அதாவது இன்சூரன்ஸ் புகார்களைத் தீர்த்துவைக்கும் அதிகாரி, இருக்கிறார். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டியதில்லை, 50 லட்சம் வரை கேட்கலாம். மறுத்த ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். இரண்டும் தென்படாவிட்டால் போகாதீர்கள். பஸ் காசுதான் நஷ்டம்.

*

ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து ஸ்டாண்டில் சைக்கிளை விட்டேன். டோக்கனும் கையில் இருக்கிறது. சைக்கிள்தான் இல்லை. கேட்டால் போர்டைக் காட்டுகிறார்: "உங்கள் பொறுப்பில் நிறுத்தவும்." அப்புறம் எதற்கு சார் காசு?
– வாசகர், திருநின்றவூர்

இதே கேள்வியைக் கேட்டு ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியே வழக்குப் போட்டு, அது உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1998-இல் டெல்லி தாஜ் மஹால் ஹோட்டலுக்கு மாருதி ஜென்னில் வந்த ஒருவர், ஹோட்டல் ஆளிடம் சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்தால் காரை வேறு யாரோ ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பார்க்கிங் சீட்டில் "பொறுப்பு உங்களுடையது" என்றுதான் அச்சடித்திருந்தது. யுனைடெட் இந்தியா கம்பெனி கார்க்காரருக்கு 2,80,000 ரூபாய் கொடுத்துவிட்டு, அவர் இடத்தில் நின்று ஹோட்டலிடம் அந்தப் பணத்தைக் கேட்டது. 2019 நவம்பரில் தீர்ப்பு. பொருளை ஒப்படைத்து வாங்கிக்கொண்டவர், தன் பொருளைப் போலப் பார்த்துக்கொள்ள வேண்டும். தன் அஜாக்கிரதையால் போனதற்கு அச்சடித்த வரியைக் காட்டித் தப்ப முடியாது. கவனமாக இருந்தேன் என்று நிரூபிப்பது அவர் வேலை.

ஒரே ஒரு வித்தியாசத்தைப் பாருங்கள். அங்கே சாவி கை மாறியது. உங்கள் ஸ்டாண்டில் எப்படி? டோக்கன் கொடுத்து, வெளியே போகும்போது டோக்கனைச் சரிபார்த்துத்தான் விடுகிறார்கள் என்றால் உங்கள் பக்கம் பலம் அதிகம். நிற்கிற இடத்துக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு, யார் எதை எடுத்தாலும் பார்க்காத ஸ்டாண்டு என்றால் வாதம் கொஞ்சம் மெலியும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போடுங்கள். 5 லட்சத்துக்கு உட்பட்ட விஷயத்துக்கு அங்கே கட்டணம் இல்லை. அந்த டோக்கனை மட்டும் தொலைத்துவிடாதீர்கள். ஸ்டாண்டுக்காரர் "கொடுங்க, பார்த்துச் சொல்றேன்" என்று கை நீட்டுவார். படம் எடுத்துக் காட்டுங்கள், கையில் கொடுக்காதீர்கள்.

*

போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்தேன். புகாரை வாங்கிக்கொண்டதற்கு சி.எஸ்.ஆர். ரசீது மட்டும்தான் கொடுத்தார்கள். இன்சூரன்ஸ்காரர் எஃப்.ஐ.ஆர். கேட்கிறார். நடுவில் நான் அலைகிறேன்.
– வாசகர், ஆவடி

புகாரில் சைக்கிளின் மதிப்பு என்ன எழுதினீர்கள்? கடிதத்தில் சொல்லவில்லை, ஆனால் சிக்கல் அங்கேதான் இருக்கும் என்று தோன்றுகிறது.

2024 ஜூலை 1-ஆம் தேதியிலிருந்து இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா. அதில் 303-ஆவது பிரிவு திருட்டு. 5,000 ரூபாய்க்குக் குறைந்த பொருளின் திருட்டை இப்போது போலீஸ் தானாக விசாரிக்க முடியாத வகையில் சேர்த்துவிட்டார்கள். மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். "பழைய சைக்கிள்தான் சார், ஒரு நாலாயிரம் இருக்கும்" என்று வெகுளியாக எழுதிவிட்டால் எஃப்.ஐ.ஆர். கையைவிட்டுப் போனது. கூட்டியும் எழுதாதீர்கள், பில்லில் உள்ள விலை, வாங்கிய தேதி, பிரேம் நம்பர் மூன்றையும் எழுதி பில் நகலை இணையுங்கள்.

மதிப்பு 5,000-க்கு மேல் என்றால் எஃப்.ஐ.ஆர். போட்டாக வேண்டும், நகலும் இலவசம். "இது எங்க லிமிட் இல்ல, ரயில்வே போலீஸ்ல கொடுங்க" என்று இழுத்தாலும், எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரை வாங்க வேண்டும் என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவே சொல்கிறது. மறுத்தால் மேலதிகாரிக்குத் தபாலில் அனுப்பலாம்.

இன்சூரன்ஸ்காரர் பின்னால் இன்னொன்றும் கேட்பார்: தேடியும் கிடைக்கவில்லை என்ற சான்று, ஸ்டேஷனில் "நான் டிரேசபிள்" என்பார்கள். அது வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை காத்திருந்து கம்பெனிக்குச் சொல்லலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். திருட்டுப் போன அன்றே ஒரு மெயில் தட்டிவிடுங்கள். தாமதமாகச் சொன்னவர்களுக்கு ஒரு ஆறுதல்: 2020 ஜனவரியில், திருட்டுப் போன டிராக்டருக்கு அன்றே எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டு, கம்பெனிக்கு 52 நாள் கழித்துச் சொன்ன ஒருவருக்கு உச்ச நீதிமன்றத்தில் பணம் கிடைத்தது. போலீஸுக்கு உடனே போயிருந்தார் என்பதே அவரைக் காப்பாற்றியது. அது மோட்டார் பாலிசி. சைக்கிள் பாலிசிக்கும் அந்த நியாயத்தைச் சொல்லி வாதாடலாம்.

*

எலெக்ட்ரிக் சைக்கிள் வாங்கப் போகிறேன். இன்சூரன்ஸ் கட்டாயமா?
– வாசகர், ஓசூர்

மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி இல்லாத எடை 60 கிலோவுக்குள் என்றால் அது சட்டத்தின் கண்ணில் மோட்டார் வண்டியே அல்ல. பதிவு, லைசென்ஸ், கட்டாய இன்சூரன்ஸ் எதுவும் வேண்டாம். மெக்கானிக் ஒருவர் "ஒரு வயரைக் கட் பண்ணினா நாப்பதுல போகும்" என்பார். போகும், பாலிசியும் அதோடு போகும். விருப்பப்பட்டு பாலிசி போடுவதானால் ஒரே கேள்வி: பேட்டரி மட்டும் திருட்டுப் போனால் தருவீர்களா? கழற்றி எடுக்க அதுதான் சுலபம், விலையும் அதற்குத்தான்.

*

என்னிடம் 30 வருஷப் பழைய ஹெர்குலிஸ் இருக்கிறது. இன்றும் கடைவீதிக்கு அதில்தான். இன்சூர் செய்யலாமா?
– வாசகர், மயிலாடுதுறை

வேண்டாம் ஐயா. நல்ல பூட்டு ஒன்று வாங்குங்கள். வயர் பூட்டு வேண்டாம், கட்டிங் பிளேயருக்கு அது நூல்கண்டு. அப்புறம் செயினுக்கு எண்ணெய் விடுங்கள்.

*

இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் எப்போதாவது சைக்கிளைத் திருட்டுக் கொடுத்ததுண்டா?
– கல்லூரி மாணவி, விழுப்புரம்

மாட்டிவிட்டாயே அம்மா.

1983, ஐப்பசி மழை. வேலைக்குச் சேர்ந்து ஏழு வருஷம். அப்பா ஓட்டிய கறுப்பு ராலே சைக்கிள் என்னிடம் இருந்தது. டைனமோ, செயின் கவர், பின்னால் கேரியரில் டிபன் பாக்ஸ் வைக்க நானே கட்டிய ரப்பர் பட்டை. காலையில் ஸ்டேஷன் ஸ்டாண்டில் விட்டுவிட்டு ரயிலேறினேன். சாயந்திரம் வந்தபோது அது நின்ற இடத்தில் ஒரு குட்டைத் தண்ணீர்.

வீட்டுப் பாலிசி இருந்தது. பெடல் சைக்கிள் பிரிவும் இருந்தது, ஆபீஸில் எல்லோரும் சிரிக்கச் சிரிக்கப் போட்டேன். மறுநாள் க்ளெய்ம் பாரம் எடுத்தேன். அதை அதுவரை நூறு பேருக்காவது நீட்டியிருப்பேன், "எல்லாக் கட்டத்தையும் நிரப்புங்க" என்று அதட்டியிருப்பேன். பிரேம் நம்பர் என்ற கட்டம் வந்தது. பேனா நின்றுவிட்டது. ஏழு வருஷம் ஓட்டிய சைக்கிளை ஒரு தடவைகூட நான் கவிழ்த்துப் பார்த்ததில்லை.

ஊருக்குக் கடிதம் எழுதினேன். அப்பா இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அம்மா டிரங்குப் பெட்டியைக் குடைந்து அவருடைய கணக்கு நோட்டை எடுத்து, அதில் சைக்கிள் வாங்கிய அன்றைய பக்கத்தை அப்படியே கிழித்து அனுப்பினாள். சைக்கிள், பம்பு, பெல், ரயில் சார்ஜ், காப்பி 2 அணா. கீழே நம்பர், அதன் கீழே இரண்டு கோடு.

அடுத்த வாரம் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது, "சைக்கிள் கிடைச்சிருக்கு, வந்து பாருங்க." போனேன். வரிசையாக ஆறேழு நின்றன. ஓரத்தில் என் ராலே! அதே தேய்ந்த சீட், அதே டைனமோ, பட்டையைத்தான் கழற்றிவிட்டான் போலிருக்கிறது. "இதுதான் சார்" என்று கைப்பிடியைப் பிடித்துவிட்டேன். ஏட்டு, "நம்பர் வெச்சிருக்கீங்களா?" என்றார். கவிழ்த்தோம். வீட்டுச் சாவியால் கிரீஸைச் சுரண்டி, அப்பாவின் காகிதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் இரண்டு எண் சரி. மூன்றாவது வேறு.

யாருடையதோ. நிமிர்த்தி நிறுத்திவிட்டு வந்தேன்.

என்னுடையது கடைசிவரை கிடைக்கவில்லை. க்ளெய்ம் என் மேஜை வழியாகவே போனது. 28 வருஷத் தேய்மானம் கழித்து என் ஆபீசர் அனுமதித்த தொகை 90 ரூபாய். கணக்குப் போட்டுக் கொடுத்ததே நான்தான், தப்பு சொல்ல வழியில்லை. எட்டு மாதம் ரயில்வே ஸ்டேஷனுக்கு நடந்தேன்.